நகரின் நடுவே இலகு ரயில்: எலெக்ட்ரானிக் சிட்டி தரும் படிப்பினை

பஸ் செல்லும் தடத்தை ஒரு சுற்றறிக்கையினால் மாற்றிவிடலாம். தண்டவாளத்தை அவ்வாறு மாற்ற இயலாது. ஒருமுறை பதித்த இருப்புப்பாதை அரை நூற்றாண்டோ, அதற்கு மேலோ அவ்விடத்திலேயே நிற்கும். கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் அதனை அனுசரித்தே வளரும். ஆதலின், நகரத்துள் ரயில் பாதை வகுக்கும் காரியத்தில் செலவு எவ்வளவு என்னும் கேள்விக்கு முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாதை எங்கே தொடங்கி, எதன் வழியாகச் சென்று, எங்கே முடியவேண்டும்? இதில் நேரும் பிழையைப் பின்னர் எத்தனை கோடி ரூபாய் கொட்டினாலும் முற்றும் திருத்த முடியாது.

பெங்களூரின் தெற்கே உள்ள எலெக்ட்ரானிக் சிட்டியையும் நகரின் நடுப்பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விஷயத்தை ஆராய்வது பயன் தரும். ஏனெனில், நம் நாட்டில் நகரை விட்டு எட்டத் தொழிற்பேட்டை அமைத்து, பின்னர் அதனை நகரோடு இணைக்கப் பல்லாண்டு பாடுபட்ட வரலாறு இங்கே தெளிவாகக் காணக் கிடைக்கிறது.

எலெக்ட்ரானிக் சிட்டியும் அதன் சாலையும்

கர்நாடக அரசாங்கத்தின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே. பாலிகா அவர்களின் தலைமையில், 1970-களின் பிற்பகுதியில் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் இப்பேட்டையை நிறுவிற்று. அன்று அது ஊருக்கு வெளியே கிடந்த வெட்டவெளி. அதற்கும் நகருக்கும் இடையே இருந்த தொடர்பு ஓசூர் சாலை ஒன்றே. கம்ப்யூட்டர் தொழில் பெருகப் பெருக அச்சாலையில் வாகனங்களும் பெருகின. 2010 ஜனவரியில் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து பேட்டை வரை சுங்கக் கட்டணத்துடன் கூடிய மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. காரில் செல்வோர் அதன் மீது விரைந்து சென்றனர்; ஆனால் பாலம் முடிவுறும் சில்க் போர்டு சந்திப்பில் யாவரும் வந்து குவிந்தனர். நெரிசல் தீரவில்லை; அது இடம் மாறிற்று.

நெடுங்காலம் எதிர்பார்க்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ராஷ்ட்ரீய வித்யாலயா சாலை நிலையத்திலிருந்து பொம்மசந்திரா வரை இதன் நீளம் 19 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; நிலையங்கள் 16; செலவு சுமார் 7,160 கோடி ரூபாய். ஜெயதேவா மருத்துவமனை, சில்க் போர்டு, பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா, சிங்கசந்திரா வழியாக எலெக்ட்ரானிக் சிட்டியை எட்டி, அதற்கு அப்பால் ஹெப்பகோடி, பொம்மசந்திரா ஆகிய தொழிற்பகுதிகளையும் இது தொடுகிறது. இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை.

எனினும் ஓர் உண்மையை நாம் கவனிக்கவேண்டும். இப்பாதை நகரின் நடுப்பகுதிக்குள் நுழைவதில்லை. ராஷ்ட்ரீய வித்யாலயா சாலையில் அது நின்றுவிடுகிறது. அங்கே இறங்கிப் பச்சைப் பாதை ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட். ஏழாவது நிறுத்தம் மெஜஸ்டிக். ஒரே ரயிலில் சென்று சேரும் வாய்ப்பு எலெக்ட்ரானிக் சிட்டி வாசிகளுக்கு இல்லை.

வண்டி மாறுவதன் விலை

"ஒருமுறை மாறி ஏறினால் என்ன?" என்று கேட்கலாம். போக்குவரத்து நிபுணர்கள் இதனைக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. வண்டிக்குள் அமர்ந்து கழிக்கும் ஒரு நிமிடமும், நடைமேடையில் நின்று கழிக்கும் ஒரு நிமிடமும் பிரயாணிக்கு ஒன்றாகத் தோன்றுவதில்லை. காத்திருக்கும் நேரத்தையும் நடக்கும் நேரத்தையும் மனிதர் ஏறத்தாழ இருமடங்காக உணர்கின்றனர் என்று கொள்வது வழக்கம். மேலும், நேரம் பாராமல் நிலையத்துக்கு வரும் பிரயாணி சராசரியாக ரயில்களின் இடைவெளியில் பாதி நேரம் காத்திருக்க நேரிடும்.

மஞ்சள் பாதை திறக்கப்பட்டபோது, ரயில் தொடர்கள் போதிய அளவில் வந்து சேராமையால், மூன்று தொடர்களைக் கொண்டு 25 நிமிடத்துக்கு ஒரு ரயில் விடப்பட்டது. அவ்விடைவெளியில் சராசரிக் காத்திருப்பு 12½ நிமிடம். உணர்வில் அது 25 நிமிடம். இடைவெளி 5 நிமிடமாகக் குறையும்போது காத்திருப்பு 2½ நிமிடமே. பாலமும் தூண்களும் நிலையங்களும் இரு நிலையிலும் ஒன்றே. மக்களுக்குக் கிட்டும் பயன் மட்டும் முற்றிலும் வேறு. வண்டி மாறவேண்டிய பாதை ஒன்றை வகுப்போர், அடுத்தடுத்து ரயில் விடும் கடமையையும் சேர்த்தே ஏற்கின்றனர் என்பது இதனால் விளங்கும்.

இங்கே நாம் கம்ப்யூட்டர் பொறியாளர்களை மட்டும் நினைத்தல் கூடாது. பொம்மனஹள்ளியிலும் பொம்மசந்திராவிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் பலர். 2023 ஜூன் முதல் கர்நாடக அரசாங்கத்தின் சாதாரண பஸ்களில் மாநிலப் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம். மெட்ரோவிலோ கட்டணம் செலுத்தவேண்டும். 2025 பிப்ரவரியில் அதன் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இலவச பஸ்ஸை விட்டுக் கட்டண ரயிலுக்கு வரவேண்டுமாயின், ரயில் அவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தரவேண்டும். வண்டி மாறுவதிலும் காத்திருப்பதிலும், இறங்கியபின் நெடுந்தூரம் நடப்பதிலும் அந்நேரம் கரைந்துபோகுமானால், பொதுப்பணத்தில் எழுப்பிய பாதை வசதியுள்ளவர்க்கே பயன்படும். பாதை வகுப்பது நீதியைப் பற்றிய காரியமுமாகும் என்று நான் கூறுவது இதனாலேயே.

நகரின் நடு எது?

நகரின் நடுப்பகுதி வழியாகப் பாதை செல்லவேண்டும் என்றால், அந்த நடுப்பகுதி எது என்று முதலில் அறியவேண்டும். பெங்களூருக்கு நடு ஒன்றன்று, இரண்டு. கெம்பே கௌடர் 1537-இல் நிறுவியதாகக் கூறப்படும் பேட்டைப் பகுதி ஒன்று. சிக்பேட்டை, பளேபேட்டை, அவென்யூ சாலை, கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் ஆகியவை இதில் அடங்கும். 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டுப் பகுதி மற்றொன்று. சிவாஜி நகர், கமர்ஷியல் தெரு, மகாத்மா காந்தி சாலை ஆகியவை இதனைச் சேர்ந்தவை. இவ்விரண்டும் தனித்தனி நகராட்சியின் கீழ் இருந்து, 1949-இல்தான் ஒரே மாநகராட்சியாயின. இடையே கப்பன் பூங்காவும் விதான சௌதாவும் பரந்து கிடக்கின்றன.

இத்தகைய நகரில் ஒரு முனையைத் தொட்டு நிற்கும் பாதை பாதி வேலையே செய்யும். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து புறப்படுவோரில் சிலர் மார்க்கெட்டுக்கும் விக்டோரியா மருத்துவமனைக்கும் செல்வர். சிலர் சிவாஜி நகருக்குச் செல்வர். சிலர் நகரைக் கடந்து வடக்கே செல்வர். நல்ல பாதை என்பது ஒரு புறநகரில் தொடங்கி, நடுப்பகுதியை ஊடுருவி, எதிர்ப்புறப் புறநகரில் முடிவதாகும். அவ்வாறு செல்லும் பாதையில் நடுப்பகுதியில் இறங்குவோரின் இடத்தை அங்கே ஏறுவோர் நிரப்புவர். வண்டி இருபுறமும் நிறைந்து ஓடும். விளிம்பில் முடியும் பாதையில் காலையில் ஒரு திசையில் நெரிசலும் மறு திசையில் காலி இருக்கைகளும் நேர்வது இயல்பு.

மெட்ரோவின் இளஞ்சிவப்புப் பாதை இக்குறையைப் பெரிதும் நீக்கும் நோக்கில் வகுக்கப்பட்டது. காளேன அக்ரஹாரம் முதல் நாகவாரா வரை சுமார் 21 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சுரங்கம். ஜெயதேவா மருத்துவமனையில் அது மஞ்சள் பாதையைச் சந்திக்கிறது. மகாத்மா காந்தி சாலை, சிவாஜி நகர் வழியாக வடக்கே செல்கிறது. இந்த ஜெயதேவா சந்திப்பிலேயே மற்றொரு பாடமும் உண்டு. முன்னர் மோட்டார் வாகனங்களுக்கென அங்கே கட்டப்பட்டிருந்த மேம்பாலத்தை, மெட்ரோ சந்திப்புக்கு இடம் வேண்டி 2020-இல் இடிக்க நேர்ந்தது. சாலைக்கு ஒரு திட்டம், ரயிலுக்கு ஒரு திட்டம் என்று தனித்தனியே வகுத்தால் ஒன்றை இடித்து மற்றொன்றைக் கட்டவேண்டிவரும்.

இலகு ரயில் என்பது யாது?

இத்தருணத்தில் இலகு ரயில் என்னும் சொல்லின் பொருளை விளக்குதல் தகும். இது பழைய டிராமின் வளர்ந்த வடிவம். சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராமை மூத்தோர் அறிவர். அதன் வழித்தோன்றலான இலகு ரயில், இரண்டு மூன்று பெட்டிகள் மூட்டு வைத்து இணைக்கப்பட்டு, தாழ்ந்த தளத்துடன், மின்சாரத்தால் இயங்குவது. சாலையின் மட்டத்தில் தனித் தடத்தில் ஓடும். தேவையான இடத்தில் பாலத்திலும் சுரங்கத்திலும் செல்லும். மெட்ரோ ரயில் திரும்புவதற்கு நூறு மீட்டருக்கு மேற்பட்ட ஆரம் வேண்டும்; இலகு ரயில் 25 மீட்டர் ஆரமுள்ள தெரு முனையிலும் திரும்பிவிடும். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சரிவையும் அது ஏறும். ஆகவே, வீடுகளை இடிக்காமல் பழைய தெருக்களின் வளைவோடு வளைந்து செல்லும் தகுதி அதற்கு உண்டு.

மத்திய அரசாங்கத்தின் 2017-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை, மெட்ரோவைத் தெரிந்தெடுக்கும் முன் பஸ் தடம், டிராம், இலகு ரயில் முதலிய மாற்று முறைகளையும் ஒப்புநோக்க வேண்டும் என்று விதிக்கிறது. 2019-இல் மெட்ரோலைட் என்னும் இலகு வகைக்குரிய நிர்ணயங்களும் வெளியாயின. நெரிசல் மணியில் ஒரு திசையில் 15,000 பிரயாணிகள் வரை செல்லும் தடங்களுக்கு அது ஏற்றது என்பது கருத்து.

பெங்களூருக்கு இந்த எண்ணம் புதியதன்று. 1990-களில் இந்நகருக்கென மேம்பால இலகு ரயில் திட்டமொன்று வகுக்கப்பட்டது. 1994-இல் அதற்கென அரசாங்கக் கம்பெனியும் தோன்றிற்று. தனியார் முதலீட்டை நம்பிய அத்திட்டம் நிறைவேறவில்லை. பின்னர் டில்லி மெட்ரோ நிறுவனம் 2003-இல் விரிவான திட்ட அறிக்கை தயாரித்து, 2006-இல் மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே முதல் ரயில் ஓடிற்று. பெருந்தடங்களுக்கு மெட்ரோவே தக்கது என்பதை அனுபவம் காட்டிவிட்டது. எனவே இன்றைய கேள்வி, மெட்ரோவா இலகு ரயிலா என்பதன்று. மெட்ரோ நிலையத்தில் இறங்கியவன் நடுப்பகுதிக்குள் செல்லவேண்டிய கடைசி இரண்டு கிலோமீட்டரை எவ்வாறு கடப்பது என்பதே.

நிறுத்தங்களின் இடைவெளி

இதற்கு ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். உயர்வகுப்பு மாணவர்களும் இதனைச் செய்யலாம். மஞ்சள் பாதையின் 16 நிலையங்களுக்கு இடையே உள்ள 15 இடைவெளிகளின் சராசரி ஏறத்தாழ 1¼ கிலோமீட்டர். புறநகருக்கு இது பொருந்தும். நகரின் நடுவில் பொருந்துமா?

வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர், வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். நிற்பதற்கும் மீண்டும் வேகம் எடுப்பதற்கும் வினாடிக்கு 1 மீட்டர் வீதம் வேகம் மாறினால், தடையின்றிச் செல்வதைவிட 10 வினாடி இழப்பாகிறது. நிறுத்தத்தில் நிற்கும் 20 வினாடியையும் சேர்த்தால், ஒரு நிறுத்தத்தின் விலை 30 வினாடி.

நடுப்பகுதியில் 2.4 கிலோமீட்டர் நீளமுள்ள தெரு ஒன்றை எண்ணுங்கள். 1.2 கிலோமீட்டருக்கு ஒன்றாக வைத்தால் அதில் மூன்று நிறுத்தங்கள் அமையும். 400 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் ஏழு. கூடுதலான நான்கு நிறுத்தங்களால் முழுதும் கடந்து செல்லும் பிரயாணிக்கு 2 நிமிடம் இழப்பு. ஆனால் அத்தெருவில் இறங்குபவன் தெருவின் நெடுகே நடக்கவேண்டிய சராசரித் தூரம் 300 மீட்டரிலிருந்து 100 மீட்டராகக் குறையும். நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பவனுக்கு 2½ நிமிடம் மிச்சம். நடை இருமடங்காக உணரப்படுவதால் அது 5 நிமிடத்துக்குச் சமம். முதியோருக்கும், நோயாளிக்கும், தலையில் சுமை கொண்டவர்க்கும் அது இன்னும் அதிகம்.

ஆகவே விதி தெளிவாகிறது. பெரும்பாலோர் கடந்து செல்லும் இடத்தில் நிறுத்தங்கள் அரிதாக இருக்கவேண்டும். பெரும்பாலோர் ஏறி இறங்கும் இடத்தில் அவை நெருங்கி இருக்கவேண்டும். பாதை முழுவதற்கும் ஒரே இடைவெளியை விதிப்பது பொருத்தமன்று.

தெருவைப் பங்கிடுதல்

சாலை மட்டத்தில் ரயில் ஓடினால் போக்குவரத்து விளக்குகளுக்கு அது கட்டுப்படும். விளக்கின் ஒரு சுற்று 2 நிமிடம் எனில் மணிக்கு 30 சுற்றுகள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் ரயில் சென்றால் மணிக்கு 15 ரயில்கள். ஒவ்வொன்றிலும் 300 பேர் எனில் ஒரு திசையில் 4,500 பேர். அதே அகலமுள்ள ஒரு தடத்தில் கார்கள் மட்டும் சென்றால், விளக்குகளின் இடையே மணிக்குச் சுமார் 800 கார்கள் கடக்கலாம். காருக்கு ஒன்றரை பேர் வீதம் 1,200 பேர். தடம் ஒன்றே, பயன் ஏறத்தாழ நான்கு மடங்கு.

இக்கணக்கு மெய்ப்பட ஒரு நிபந்தனை உண்டு. அத்தடம் ரயிலுக்கே உரியதாக இருக்கவேண்டும். ஆட்டோவும் சுமை வண்டியும் தண்டவாளத்தின் மீது நிற்குமானால் 15 ரயில்கள் ஐந்தாகக் குறையும். கல்கத்தாவில் 1873-இல் தோன்றிய டிராமுக்கு நேர்ந்தது இதுவே. தனித் தடங்கள் பல இடங்களில் பொதுச் சாலையோடு கலக்கப்பட்டபின் டிராம் மெதுவாயிற்று. மெதுவானதனால் பிரயாணிகள் குறைந்தனர். குறைந்ததனால் தடங்கள் மூடப்பட்டன. தடத்தை ஒதுக்க மனமில்லாத நகரம் தண்டவாளம் பதிப்பதை விட்டுவிடுவதே நன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மற்றுமோர் எல்லையும் உண்டு. நிறுத்தத்தில் நிற்கும் ரயில் குறுக்குத் தெருவை மறித்தல் கூடாது. ஆகவே இரு சந்திப்புகளுக்கு இடையே உள்ள தூரமே ரயிலின் நீளத்தை நிர்ணயிக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் தெருக் கட்டங்கள் 200 அடி நீளமே ஆதலால், அங்கே இலகு ரயிலில் இரு பெட்டிகளுக்கு மேல் கோக்க முடிவதில்லை. திட்டமிடுவோர் முதலில் அளக்கவேண்டியது தெருவின் அகலத்தை மட்டுமன்று. சந்திப்புகளின் இடைவெளியையும் ஆகும்.

பிற நகரங்களின் அனுபவம்

கனடாவின் கால்கரி நகரம் 1981-இல் இலகு ரயிலைத் தொடங்கியபோது, நடுப்பகுதியில் சுரங்கம் தோண்டாமல் ஏழாம் அவென்யூவில் தனிக் கார்களை விலக்கி, அத்தெருவையே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அளித்தது. நடுப்பகுதிக்குள் கட்டணமின்றி ஏறி இறங்கவும் அனுமதித்தது. சுரங்கத்துக்கு ஆகியிருக்கும் பணம் புறநகர்ப் பாதைகளை நீட்டப் பயன்பட்டது. ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகர மக்கள் 1962-இல் டிராமை நிலத்தடியில் இறக்கும் யோசனையை வாக்களித்து நிராகரித்தனர். டிராம் தெருவிலேயே இருந்து, விளக்குகளில் முதலுரிமை பெற்று, இன்றும் நன்கு ஓடுகிறது.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1992 முதல் அங்கே டிராம் வண்டிகள் பெரிய ரயில் பாதைகளிலும் ஓடி, கிராமத்துப் பிரயாணியை வண்டி மாறாமலே நகரின் கடைத்தெருவில் இறக்கின. மக்கள் திரளாக வந்தனர். நாளடைவில் கடைத்தெருவில் வண்டிகள் வரிசையாக நிற்கத் தொடங்கவே, சுரங்கம் தோண்டி 2021 டிசம்பரில் அவற்றைக் கீழே இறக்கினர். தெருமட்டப் பாதைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. அதனை எட்டும் நாளுக்கு முன்கூட்டியே இடம் விட்டுவைக்கவேண்டும் என்பது இதன் பாடம்.

அண்டை நாடான இலங்கையில், கொழும்புக் கோட்டையையும் மாலபேயையும் இணைக்க ஜப்பானியக் கடனுதவியுடன் வகுக்கப்பட்ட இலகு ரயில் திட்டம் 2020-இல் கைவிடப்பட்டது. பல்லாண்டு ஆய்வும் ஒப்பந்தமும் வீணாயின. திட்டத்தின் செலவும் பயனும் மக்கள் அறிய விளக்கப்பட்டு, அரசியல் மாற்றத்தைத் தாங்கும் உறுதி பெறாவிடில் நல்ல வரைபடமும் காகிதமாகவே நின்றுவிடும்.

நம் சென்னையின் பறக்கும் ரயிலும் எண்ணிப் பார்க்கத் தக்கது. கடற்கரை முதல் சேப்பாக்கம் வரை 1995-இலும், திருமயிலை வரை 1997-இலும், வேளச்சேரி வரை 2007-இலும் திறக்கப்பட்ட அப்பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டிச் செல்கிறது. நிலம் கையகப்படுத்தும் தொல்லை அங்கே குறைவு. ஆனால் கால்வாயின் ஓரம் மக்கள் கூடும் இடமன்று. நிலையங்கள் பெரியவை, அவற்றை அடையும் வழிகளோ நெடுங்காலம் குறுகலும் இருளுமாக இருந்தன. பிரயாணிகள் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. கால்வாயின் நீரோட்டமும் தூண்களால் தடைப்பட்டது. இடம் கிடைக்கும் வழியே பாதை வகுத்தால், இடம் கிடைக்கும், பிரயாணிகள் கிடைக்கமாட்டார்கள்.

ஆட்சேபங்கள்

பெங்களூரின் நடுப்பகுதித் தெருக்கள் குறுகியவை என்பர். உண்மை. ஆனால் குறுகிய தெருவில் கார்களையும் சுமை வண்டிகளையும் நிற்கவிடுவதைவிட, நடப்போரையும் மெதுவாகச் செல்லும் சிறு ரயிலையும் விடுவதற்குக் குறைந்த இடமே போதும். அவென்யூ சாலை போன்ற தெருவுக்கு அதுவும் மிகையெனில், பாதை அதன் அருகே அகன்ற சாலையில் செல்லட்டும். தெரு நடப்போருக்கே உரியதாகட்டும்.

கடைக்காரர் அச்சத்தை இலேசாக எண்ணுதல் கூடாது. சி.எம்.எச். சாலையில் மெட்ரோ வந்தபோது வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தனர். மகாத்மா காந்தி சாலையில் மரங்கள் அடர்ந்த நடைபாதை அகற்றப்பட்டது மக்களின் மனத்தை வருத்திற்று. வேலை நடக்கும் ஆண்டுகளில் வியாபாரம் குன்றுவது மெய். அதற்குரிய ஈட்டுத்தொகையைத் திட்டச் செலவிலேயே சேர்ப்பதும், தெருவைப் பகுதி பகுதியாகத் தோண்டி மூடுவதும், நடைபாதை வியாபாரிகளுக்கு முன்கூட்டியே மாற்றிடம் குறிப்பதும் அரசாங்கத்தின் கடமை. இவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பதே எதிர்ப்பை வளர்க்கிறது.

பஸ்ஸே போதாதா என்பது மூன்றாவது ஆட்சேபம். இதுவே மிகவும் வலியது. மணிக்கு நாலாயிரம் பேர் வரை செல்லும் தெருவில், தனித் தடத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டால் இலகு ரயிலின் வேலையைப் பஸ் செய்துவிடும். ஆகையால் என் யோசனை இது: முதலில் பஸ், பின்னர் ரயில். ரயில் செல்லவேண்டும் என்று கருதும் தடத்தில், மார்க்கெட்டிலிருந்து மாநகராட்சி அலுவலகம், மகாத்மா காந்தி சாலை, சிவாஜி நகர் வரை, தனித் தடம் ஒதுக்கி மின்சார பஸ்களை அடுத்தடுத்து விடுக. ஓராண்டு பிரயாணிகளை எண்ணுக. தடத்தைக் காக்க முடிகிறதா என்று காண்க. இரண்டும் தேறினால் தண்டவாளம் பதிக்கலாம். தேறாவிடில் பெருஞ்செலவு தப்பும். பஸ் தடத்தை வேறு தெருவுக்கு மாற்றிப் பார்க்கவும் இயலும்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

இத்தகைய திட்டங்களின் தலைவிதி பெரிய அலுவலகங்களில் மட்டும் நிர்ணயிக்கப்படுவதில்லை. அடிப்படைத் தகவல்கள் தெருவில்தான் கிடைக்கின்றன. கணக்கெடுக்கும் களப்பணியாளர் வாகனங்களை மட்டும் எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. நடப்போரையும், சைக்கிளில் செல்வோரையும், நிறுத்தத்தில் நிற்போரையும் எண்ணவேண்டும். வாகனத்தை எண்ணினால் வாகனத்துக்கே பாதை கிடைக்கும். தொழிற்சாலை வாயிலில் விசாரிக்கும்போது, "எந்த நிலையத்தில் ஏறினீர்கள்?" என்று மட்டும் கேளாமல், வீட்டு வாசலிலிருந்து வேலை செய்யும் இடம் வரை எத்தனை நிமிடம் நடந்தார்கள், எத்தனை முறை வண்டி மாறினார்கள், எவ்வளவு செலவிட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ரயிலில் ஏறாதவர்களையும் விசாரிக்கவேண்டும். அவர்கள் ஏறாததன் காரணமே திட்டமிடுவோர்க்கு மிகவும் தேவையான செய்தி.

மெட்ரோ கொள்கையானது நிலையத்தின் இருபுறமும் ஐந்து கிலோமீட்டர் வரையுள்ள பகுதிக்கு இணைப்பு வசதி தேவை என்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அருகே ஹீலலிகே ரயில் நிலையம் இருக்கிறது. 2022 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்ட புறநகர் ரயில் திட்டத்தின் ஒரு பாதை அங்கே முடிவதாக வகுக்கப்பட்டது. அந்நிலையத்துக்கும் மெட்ரோ நிலையங்களுக்கும் இடையே ஒரு முதியவர் எவ்வழியே நடப்பார், எவ்விடத்தில் சாலையைக் கடப்பார் என்பதை நடந்து பார்த்தே அறிய இயலும்.

ஆசிரியர்கள் மாணவர்களை ஒரு சந்திப்புக்கு அழைத்துச் சென்று, கால் மணி நேரம் பஸ், கார், நடப்போர் என்று தனித்தனியே எண்ணச் செய்யலாம். பள்ளியை நடுவாகக் கொண்டு ஐந்து நிமிட நடையில் எட்டக்கூடிய இடங்களைக் கடிகாரமும் வரைபடமும் கொண்டு குறிக்கச் செய்யலாம். காகிதத்தில் வட்டமாக இருக்கவேண்டிய எல்லை, கடக்க முடியாத சாலையினாலும் சுவரினாலும் எவ்வாறு கோணலாகிறது என்பதை அவர்கள் கண்ணாலே காண்பர். விகிதமும் சராசரியும் வேகமும் அப்போது பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வரும்.

சுருங்கக் கூறின், நகரின் நடுவே செல்லும் பாதைக்கு வேண்டியவை நான்கு. அது நடுப்பகுதியை ஊடுருவிச் செல்லவேண்டும், விளிம்பில் நிற்கலாகாது. மக்கள் இறங்கும் இடத்தில் நிறுத்தங்கள் நெருங்கியிருக்கவேண்டும். அதற்கென ஒதுக்கிய தடத்தில் வேறெதுவும் புகலாகாது. காசு செலவிடும் முன் பஸ்ஸைக் கொண்டு அதனைச் சோதித்தறிய வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ரயில் வருவதற்கு அப்பேட்டை தோன்றிய நாளிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அடுத்த பாதைக்கு அத்தனை காலம் காத்திருக்க இயலாது. அதனைத் தவறான தெருவில் பதிக்கவும் இயலாது. இன்று தெருவில் நின்று கருத்தோடு எண்ணப்படும் ஒவ்வொரு எண்ணும் அப்பாதையைச் சரியான தெருவில் அமைக்க உதவும்.